மின்காவின் கையில் ஆறு கட்டங்கள்

ஊதாப் பென்சிலின் நுனியை நாக்கில் தொட்டு, இடது முன்கையின் உட்புறத்தில் மின்கா முதல் கோட்டை இழுக்கிறார். மூச்சை அடக்கிக்கொண்டுதான் இழுப்பார். மணிக்கட்டிலிருந்து நான்கு விரல் தள்ளி ஆரம்பம். மேலே மூன்று, கீழே மூன்று, மொத்தம் ஆறு கட்டங்கள். ஒவ்வொன்றும் இரண்டு சென்டிமீட்டர். அளவுகோல் வைப்பதில்லை. நான் ஒருமுறை வைத்துப் பார்த்தேன், பிசகு ஒன்றும் இல்லை. ஐந்து கட்டங்களில் ஐந்து விதமான க்ரீம், தீக்குச்சித் தலை அளவு. கீழ்வரிசையில் வலது ஓரக் கட்டத்தில் எதுவும் வைக்கமாட்டார். அது ஒப்பிட்டுப் பார்க்க. எல்லாம் முடிந்ததும் அலாரம் கடிகாரத்தைச் சாவி கொடுத்து ஜன்னல் விளிம்பில் வைப்பார். ஒரு மணி நேரம் கழித்து முதல் பார்வை. அதன் பிறகு இருபத்து நான்கு, நாற்பத்தெட்டு, எழுபத்திரண்டாவது மணிகளில்.

பென்சிலைத் தொட்டுத் தொட்டு அவருடைய நாக்கு நுனியில் ஒரு ஊதாப் புள்ளி நிரந்தரமாகிவிட்டது. ரொட்டிக் கடைக்காரி அதைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பாள்: "என்ன அத்தே, குளிர்காலத்துலயே மல்பெரி பழுத்திருச்சா?"

"உனக்கும் ஒரு கூடை அனுப்பறேன், வாய மூடு" என்பார் மின்கா.

கசன்லாக்கில் ரயில் நிலையத்துக்குப் பின்னால் உள்ள அடுக்குமாடியில் அவர் நான்காம் தளம், நான் மூன்றாம் தளம். பார்வை நேரம் வந்ததும் பால்கனிக்கு வந்து, கையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, கீழே குனிந்து சொல்வார்: "மேல் இடது, ஒண்ணு! மேல் நடு, பூஜ்யம்! மேல் வலது, ரெண்டு, ஓரத்துல வீக்கம்!" நான் எழுதிக்கொள்வேன். பூஜ்யம் என்றால் தோல் அப்படியே இருக்கிறது. நான்கு என்றால் கொப்புளம். எதிர்க் கட்டடத்து ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் நாங்கள் தளத்திலிருந்து தளத்துக்குச் சதுரங்கம் ஆடுவதாக நெடுநாள் நினைத்திருந்தார்.

"யாரு ஜெயிக்கிறது?" என்று அங்கிருந்து கத்துவார்.

"இதுவரைக்கும் என் மூஞ்சிதான் தோத்துக்கிட்டிருக்கு!" என்று மின்கா இங்கிருந்து கத்துவார்.

அந்த முகத்தைப் பற்றி அவரே சொல்வதுதான் சரியாக இருக்கும். "ரெண்டு குடித்தனம் இருக்கிற வீடுண்ணே இது. மேல் போர்ஷன்ல எண்ணெய்க் கடை. கீழ் போர்ஷன்ல குழாய்ல தண்ணியே வராது." நெற்றியும் மூக்கும் எந்நேரமும் பளபளவென்றிருக்கும். கன்னங்கள் வறண்டு, சிவந்து, காற்று பட்டாலே எரியும். நெற்றிக்கு வாங்கியது கன்னத்தைப் பிளக்கும். கன்னத்துக்கு வாங்கியது நெற்றியில் பருவைக் கிளப்பும். அறுபத்தெட்டு வயதில் பரு வருவதைப் பற்றி அவருக்கு வெட்கம் கிடையாது. "மனசுக்கு வயசாயிருச்சு, மூக்குக்கு இன்னும் தகவல் போகல."

ரோஜா அவருக்கு அறவே ஆகாது. எங்கள் ஊரில் இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. சோப்பு, தைலம், மிட்டாய், சாராயம் என்று எல்லாவற்றிலும் ரோஜாவைப் போட்டு விற்கிற ஊர். மே மாதம் வயல்களில் பறிப்பு தொடங்கினால் மின்கா ஜன்னல்களை அடைத்துவிடுவார். பக்கத்து வீடுகளில் வாசனைக்காகத் திறந்து வைத்திருப்பார்கள்.

க்ரீம் தேடுவதில் அவருக்கு மூன்று நிபந்தனைகள் உண்டு. கன்னத்தையும் நெற்றியையும் ஒன்றாக வைத்துக் குடித்தனம் நடத்த வேண்டும். விலை பதினைந்து லெவாவுக்கு மேல் போகக் கூடாது. மூன்றாவது நிபந்தனைக்காகத்தான் மருந்துக்கடையில் எந்த ட்யூபை எடுத்தாலும் முதலில் முதுகைத் திருப்பிப் பார்ப்பார். எந்த விலங்கின் மேலும் சோதிக்காதது என்பதற்கு அடையாளமாக அங்கே சின்ன முயல் படம் இருக்க வேண்டும். மூக்குக் கண்ணாடிக்கு மேலே ஒரு பூதக்கண்ணாடியையும் வைத்துக்கொண்டு தேடுவார். முயல் இல்லையென்றால், ட்யூபை எடுத்த இடத்திலேயே, எடுத்த கோணத்திலேயே வைத்துவிடுவார்.

முயல் இருந்தாலும் அவர் லேசில் நம்புவதில்லை. கம்பெனிக்குத் தொலைபேசி போடுவார். கடைப்பெண் நெவெனா இதற்காகவே கடையின் தொலைபேசியை அவர் பக்கம் நகர்த்தி வைப்பாள். இதை நான் நேரில் பலமுறை கேட்டிருக்கிறேன்.

"உங்க க்ரீமை விலங்கு மேல சோதனை பண்ணலைங்கிறீங்க, சரிம்மா. உள்ள போட்ட சரக்கை? அதுவும் நீங்க பண்ணல, சரி. சரக்கு விக்கிறவன் பண்ணினானா? தெரியாதா? தெரிஞ்சவங்கள கூப்பிடு, நான் காத்திருக்கேன். காசு குடுத்து வேற ஆள வச்சுப் பண்ணினீங்களா? வெளிநாட்டுல விக்கணும்னு அந்த ஊர்க்காரன் கேட்டா சரின்னுருவீங்களா? ஏம்மா கோபப்படற? நான் முகத்துலதான பூசப்போறேன், உன் மேலயா பூசறேன்?"

ஒருமுறை நெவெனா வாய்விட்டே கேட்டாள். "அத்தே, அந்தக் கம்பெனி ஆளுங்களுக்கே இந்தக் கேள்வியெல்லாம் தெரியாது. நீங்க எங்க படிச்சீங்க?"

"வயசாச்சுல்ல, தானா வரும்" என்றார் மின்கா. அன்று சாம்பிள் பொட்டலம் எதுவும் வாங்காமல் வெளியே வந்துவிட்டார். வாசல் வரை ஓடிவந்து ஐந்து பொட்டலங்களைப் பையில் திணித்தவள் நெவெனாதான். "கையில எடமே இல்லத்தே உங்களுக்கு. இன்னொரு கை வாங்குங்க, தள்ளுபடில தரேன்."

அவர் அதுவரை பூசிவந்த பழைய க்ரீமின் கம்பெனியை 2021-இல் ஒரு பெரிய கம்பெனி வாங்கியது. அடுத்த ட்யூபின் முதுகில் முயல் இல்லை. அன்று தொடங்கிய தேடல் இரண்டரை வருடம் நடந்தது. நூற்று நாற்பத்து மூன்று க்ரீம்கள். அவற்றில் கையைத் தாண்டியவை பதினொன்று. காதுக்குப் பின்புறத்தைத் தாண்டியவை ஏழு. முகத்தைத் தாண்டியவை இரண்டு. பதினைந்து லெவாவுக்குள் இருந்தது ஒன்று. வடக்கே ஒரு சிறிய ஊரில் கணவன் மனைவி இருவர் நடத்தும் பட்டறையில் செய்வது. ஓட்ஸ் சேர்த்தது, வாசனை கிடையாது, பார்க்க ஆறிப்போன கஞ்சி மாதிரி இருக்கும். ஐம்பது மில்லி, பதின்மூன்று லெவா நாற்பது. தொலைபேசியில் மின்காவின் எல்லாக் கேள்விகளுக்கும் அந்தப் பட்டறைக்காரரின் மனைவி பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டு, "நீங்க வேலைக்கு வரீங்களா?" என்று கேட்டாளாம்.

அந்த ட்யூபை மின்கா வீணாக்குவதில்லை. பிதுக்கினால் வராது என்ற நிலை வந்ததும் கத்தரிக்கோலை எடுப்பார். முதலில் வால் பக்கத்தைக் குறுக்கே வெட்டுவார், அப்புறம் ஓரமாக நீளவாக்கில். புத்தகம் போல விரித்து, மூலைமுடுக்கிலிருந்து விரலால் வழித்தெடுப்பார். காலையும் இரவும் போட்டால் ஒரு ட்யூப் அறுபத்தாறு நாள் வரும். வெட்டிய பிறகு இன்னும் பதினொரு நாள்.

இத்தனையும் தன் முகத்துக்காக அவர் செய்வதில்லை. தன் முகத்துக்கென்றால் மின்கா தண்ணீரைத் தெளித்துவிட்டுப் போய்விடுவார். ஸ்தாரா ஸகோராவில் மகள் ரலித்சா இருக்கிறாள். வயது முப்பத்தேழு. நகர நூலகத்தில் வேலை, சம்பளத்தில் பாதி வாடகைக்குப் போகிறது. அம்மாவின் முகத்தை அப்படியே கொண்டு பிறந்தவள். மேலே எண்ணெய்க் கடை, கீழே தண்ணீர் வராத குழாய். பதினைந்து வயதில் ஏதோ பத்திரிகையில் சோதனையில் புண்ணான ஒரு முயலின் கண்ணைப் பார்த்துவிட்டு, வீட்டிலிருந்த சோப்பு, மை, உதட்டுச்சாயம் எல்லாவற்றையும் குப்பைத் தொட்டியில் கொட்டினாள். விலங்கை வதைத்து வந்த எதையும் அன்றிலிருந்து அவள் தோலில் தடவியதில்லை. மார்ச் மாதக் காற்றில் கன்னம் வெடித்து ரத்தம் கசிந்தாலும் அந்த விதியைத் தளர்த்தமாட்டாள். "எனக்கு எரிஞ்சா நான் கழுவிக்குவேம்மா. அதால முடியுமா?" என்பாள்.

அதனால் அம்மா தன் கையில் போட்டுப் பார்த்து அனுப்புகிறார். ட்யூபின் மடிப்பில் அச்சிட்டிருக்கும் பேட்ச் எண் மாறினால்கூடத் திரும்ப ஆறு கட்டம். "அவ தோலும் என் தோலும் ஒண்ணுதாண்ணே. இங்க எரிஞ்சா அங்க எரியும்."

மகளுக்குச் சொல்லாத விஷயம் ஒன்று மின்காவிடம் இருந்தது. அது எனக்கும் தெரியும்.

எங்கள் ஊர் அழகுசாதனத் தொழிற்சாலையில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். இப்போது அந்த இடத்தில் டயர்க் கடை இருக்கிறது. 1977-இல் மின்கா பேக்கிங் பிரிவில் சேர்ந்தார். நான்காம் மாதம் அவரை ஆய்வுக்கூடத்து முயல் அறைக்கு மாற்றினார்கள். காரணம் எளிது. அவர் பிடித்தால் முயல் துடிக்காது. கூண்டைத் திறப்பதற்கு முன் உள்ளங்கைகளை வெந்நீர்க் குழாயில் வைத்துச் சூடாக்கிக்கொள்வார். தூக்கும்போது காதோரம் ஏதோ முணுமுணுப்பார். மற்றவர்களின் கைகளில் கீறலும் கடியுமாக இருக்கும், அவர் கையில் ஒன்றும் இருக்காது. அதனால்தான் அந்த வேலை அவருக்கே நிலைத்துவிட்டது.

முயலின் முதுகை மழித்து, ஊதாப் பென்சிலால் ஆறு கட்டங்கள் போடுவார். ஐந்தில் மருந்து, கீழ் வலது காலி. ஒன்று, இருபத்து நான்கு, நாற்பத்தெட்டு, எழுபத்திரண்டு. அவர் பார்த்துச் சொல்வார், பதிவாளரான நான் எழுதுவேன். ஒரு சோதனைக்கு ஆறு முயல்கள். பதினான்கு வருடங்களில் 518 சோதனைகள், 3,108 முயல்கள். எழுபத்திரண்டாவது மணிக்குப் பிறகு அவை கூண்டுக்குத் திரும்புவதில்லை. அந்த வேலையை வேறொருவர் செய்தார். அவர் வரும் சமயத்தில் மின்கா குழாயைத் திறந்துவிட்டுக் கைகழுவிக்கொண்டிருப்பார். தண்ணீர் சத்தம் நிற்கவே நிற்காது.

1991 ஜனவரியில் கூண்டுகளைக் காலி செய்தார்கள். அது கடைகளில் கூப்பன் காட்டினால்கூட இறைச்சி கிடைக்காத குளிர்காலம். ஒப்பீட்டுக்காக வைத்திருந்த, மருந்தே படாத முயல்களைச் சீட்டுக் குலுக்கி ஊழியர்களுக்குக் கொடுத்தார்கள். எல்லோரும் அவற்றை என்ன செய்தார்கள் என்று எழுத வேண்டியதில்லை. மின்காவுக்கு விழுந்தது 212. காதின் உட்புறம் அந்த எண் பச்சை குத்தியிருக்கும். அதை மேலங்கிக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். சட்டியை அடுப்பில் ஏற்றவில்லை. அப்போது நான்கு வயதான ரலித்சா அதற்கு பொப்ச்சோ என்று பெயர் வைத்துத் தன் தலையணையில் தூங்க வைத்தாள்.

"காதுல என்னம்மா எழுதியிருக்கு?" என்று குழந்தை கேட்டது.

"அதோட பிறந்தநாள்" என்றார் மின்கா. "இருபத்தொண்ணு, ரெண்டாவது மாசம்."

பிப்ரவரி இருபத்தொன்று. பொப்ச்சோ ஆறு வருடங்கள் உயிரோடு இருந்தது. ஆறு பிறந்தநாளும் நடந்தது. கேரட்டில் மெழுகுவர்த்தி செருகி, எல்லோரும் பாட்டுப் பாடி. நானும் போயிருக்கிறேன். பண்ணையிலிருந்து அம்மா காப்பாற்றிக் கொண்டுவந்த முயல் என்றுதான் ரலித்சா பள்ளியில் கட்டுரை எழுதினாள். அம்மா தொழிற்சாலையில் பெட்டி ஒட்டினார் என்றுதான் அவளுக்குத் தெரியும். மின்காவின் கணவர் இறந்து பதினாறு வருடங்கள் ஆகின்றன, அவரும் சொன்னதில்லை.

மின்காவின் இன்னொரு பழக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். ஈஸ்டருக்கு முன் வரும் பெரிய நோன்புக்கு முந்தைய மன்னிப்பு ஞாயிறன்று இளையவர்கள் பெரியவர்களின் கையை முத்தமிட்டு "மன்னிச்சிருங்க" என்பார்கள். பெரியவர்கள் "மன்னிச்சாச்சு, கடவுளும் மன்னிக்கட்டும்" என்பார்கள். நானறிந்து முப்பது வருடங்களுக்கும் மேலாக மின்கா அன்று யாருக்கும் கையைக் கொடுத்ததில்லை. மாவு ஒட்டியிருக்கிறது, வெங்காய வாடை, க்ரீம் பூசியிருக்கிறேன் என்று ஏதாவது சொல்லிப் பின்னால் மறைத்துக்கொண்டு, கன்னத்தைக் காட்டுவார். எரிகிற கன்னம்தான். ஆனாலும் அதைத்தான் காட்டுவார்.

இந்த வருடம் அந்த ஞாயிறு மார்ச் 17-இல் வந்தது. முந்தின நாள் மாலை நான்கு மணிக்கு மின்கா கையில் ஆறு கட்டங்கள் போட்டிருந்தார். ஓட்ஸ் க்ரீமின் புதிய பேட்ச் மேல் இடது கட்டத்தில் இருந்தது. அதே பேட்சிலிருந்து மகளுக்கு ஒரு ட்யூப், சிவப்பு நூல் கட்டி மேசையில் தயாராக இருந்தது. முதல் மணிப் பார்வையில் பூஜ்யம்.

ரலித்சா பதினொரு மணி பஸ்ஸில் வந்தாள். வரும்போதே என் வீட்டில் நுழைந்து, என் கையை முத்தமிட்டு, "மன்னிச்சிருங்க மாமா" என்றாள். மன்னிச்சாச்சு என்றேன். கன்னங்கள் இரண்டும் தோல் உரிந்திருந்தன. பழைய ட்யூப் தீர்ந்து ஒரு வாரம் ஆகிறது என்றாள். மூவருமாக மேலே போய்ச் சாப்பிட்டோம். பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனித்சா, வெள்ளை ஹல்வா. விளக்கிலிருந்து நூலில் கட்டித் தொங்கவிட்ட அவித்த முட்டை மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது. அதை வாயால் கவ்வும் விளையாட்டுக்கு அன்று யாரும் எழுந்திருக்கவில்லை.

"அம்மா, கையைக் காட்டு" என்றாள் ரலித்சா.

"கையெல்லாம் மாவுடி. கன்னத்துல குடு."

"முத்தத்துக்கு இல்லம்மா. சட்டைக் கையை மடக்கிக் காட்டு."

அவளே மடக்கினாள். பையிலிருந்து சாம்பல் நிற அட்டை போட்ட ஒரு மெல்லிய கையேட்டை எடுத்து, விரித்து, அம்மாவின் கைக்குப் பக்கத்தில் வைத்தாள். மூடிப்போன தொழிற்சாலைகளின் காகிதங்கள் நூலகத்துக்குப் பெட்டி பெட்டியாக வந்திருந்தன. அவற்றைப் பட்டியலிடுவது அவள் வேலை. அட்டையில் எங்கள் தொழிற்சாலையின் முத்திரை, 1984. முப்பத்தோராம் பக்கத்தில் ஒரு புகைப்படம். மழித்த முயல் முதுகு, ஆறு கட்டங்கள். அடியில் மணி நேரங்கள்.

"கீழ் வலது காலி" என்றாள் ரலித்சா.

மின்கா கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"இது உனக்கு எப்படிம்மா தெரியும்? பேக்கிங்ல இருந்தேன்னு சொன்ன."

"இருந்தேன். முதல் நாலு மாசம்."

"அப்புறம்?"

மின்கா என்னைப் பார்த்தார். நான் முட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்புறம் முயல் அறை."

"எத்தனை வருஷம்?"

"தொண்ணூத்தொண்ணு வரைக்கும்."

ரலித்சா என் பக்கம் திரும்பினாள். "நீங்களுமா மாமா?"

"அம்மா சொல்வாங்க. நான் எழுதுவேன்" என்றேன். 

"அப்போ பொப்ச்சோ?"

மின்கா அவசரமாகச் சொன்னார். "அது மேல எதுவும் வைக்கலடி. சத்தியமா. அது காலிக் கட்டம் மாதிரி. சும்மா பக்கத்துல வச்சுப் பார்க்க. ஒரு சொட்டுகூட வைக்கல."

"இருநூத்திப் பன்னெண்டு?"

மின்கா மேசைமேல் சிந்திய துகள்களைக் கூட்டி ஒதுக்கினார்.

"கேரட்ல மெழுகுவர்த்தி குத்தினேனேம்மா. ஒவ்வொரு வருஷமும். நீயும் கூட நின்னு பாடினியேம்மா."

மின்கா எழுந்தார். மேசையைச் சுற்றிக்கொண்டு மகளிடம் போய், அவள் கையை இரண்டு கைகளாலும் எடுத்தார். பெரியவர் சிறியவரிடம் கேட்பது எங்களிடம் வழக்கமில்லை. அவர் குனிந்து அந்தக் கையை முத்தமிட்டு, "மன்னிச்சிரு ரலி" என்றார்.

ரலித்சா கையை உதறவில்லை, மெதுவாகத்தான் விடுவித்துக்கொண்டாள். "என்கிட்ட கேட்டு என்னம்மா பண்றது? நானா அந்தக் கூண்டுல இருந்தேன்?"

"உனக்கு எரியக் கூடாதுன்னுதான்டி என் கையில..."

"தெரியும்மா. அதான் தாங்க முடியல."

ஐந்து நாற்பது பஸ்ஸுக்குப் போக வேண்டியவள் இரண்டரை பஸ்ஸுக்கே கிளம்பினாள். கையேட்டைப் பையில் வைத்துக்கொண்டாள், அது நூலகத்தின் சொத்து. சிவப்பு நூல் கட்டிய ட்யூபை எடுத்துக்கொள்ளவில்லை.

நான்கு மணிக்கு மேலே அலாரம் அடித்தது. நான் பென்சிலோடு பால்கனியில் நின்றுகொண்டிருந்தேன். சாவி தீரும் வரை அது அடித்து ஓய்ந்தது. யாரும் வெளியே வரவில்லை. என் நோட்டில் அன்றைய பக்கத்தில் இருபத்து நான்காவது மணிக்கு எதிரே ஒரு கோடு மட்டும் போட்டிருக்கிறேன்.

அடுத்த நாள் மின்கா பால்கனிக்கு வந்தார். நாற்பத்தெட்டாவது மணியில் எல்லாக் கட்டங்களையும் சொன்னார். குரல் மட்டும் கீழே வரை எட்டவில்லை, நான் மாடியேறிப் போய்க் கேட்டு எழுதினேன். கன்னத்தில் ஒன்றும் போடாமல் இருந்தார். "ஏம்மா?" என்றேன். "அவ போடல" என்றார்.

ஸ்தாரா ஸகோராவிலிருந்து தொலைபேசி வரவில்லை. மின்காவும் போடவில்லை. எண்களை அழுத்தும் ஒலி கேட்கும், கடைசி எண்ணுக்கு முன் நின்றுவிடும். எங்கள் கட்டடத்துச் சுவர்கள் மெல்லியவை.

பத்தொன்பதாவது நாள், ஏப்ரல் 5, வெள்ளிக்கிழமை, சிவப்பு நூல் கட்டிய அந்த ட்யூபைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போனார். நானும் கூடப் போனேன். ஓட்டுநர் மித்கோவிடம் கொடுத்து நூலக வாசலில் சேர்க்கச் சொன்னார்.

"உள்ள என்னக்கா? ராக்கியா பாட்டிலா?" என்று குலுக்கிப் பார்த்தான் மித்கோ.

"குலுக்காத. அவகிட்ட ஒண்ணும் சொல்லாத. குடுத்துட்டு வந்துரு."

"பதில் கேக்கட்டுமா?"

மின்கா யோசித்தார். "கேக்காத" என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஆறு நாற்பது பஸ்ஸுக்கு நடைமேடையில் நின்றார். மித்கோ இறங்கும்போதே கையை விரித்துக் காட்டினான். "குடுத்தேங்க்கா. வாங்கிக்கிட்டாங்க. ஒண்ணும் சொல்லல." திருப்பி அனுப்பவில்லை என்பதையே மின்கா வீடு வரை மூன்று முறை சொன்னார். "தூக்கிக் குப்பையில போட்டிருந்தா?" என்று நான்காவது முறை அவரே கேட்டுக்கொண்டார். இதற்கு முன்னால் அவள் கையால் ஒரு குப்பைத் தொட்டி நிரம்பியதை நாங்கள் இருவருமே பார்த்திருக்கிறோம்.

அதன் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும். ஈஸ்டர் முட்டைகளுக்குச் சாயம் போட்ட வாரமும் போனார். ரோஜாப் பறிப்பு நடந்து ஊரே மணத்த வாரங்களில் மூக்கை முக்காட்டால் மூடிக்கொண்டு போனார். மித்கோ தூரத்திலேயே இல்லையென்று தலையை ஆட்டிவிடுவான், சில வாரம் ஒரு கிண்டலும் சேர்த்து. "எனக்காகத்தான் வரீங்கன்னு பஸ் நிலையமே பேசுதுக்கா. என் வீட்டுக்காரி காதுக்குப் போயிரும்."

"உன்னைப் பார்க்க வரவ கண் டாக்டரைத்தான் பார்க்கணும்" என்பார் மின்கா. சிரிக்கமாட்டார்.

கட்டம் போடுவது நிற்கவில்லை. பட்டறைக்காரர்கள் அடுத்த பேட்ச் அனுப்பினார்கள், அதையும் பார்த்தார். ஊதாப் புள்ளி நாக்கிலேயே இருக்கிறது. ஒரு மாற்றம் மட்டும் உண்டு. பால்கனியிலிருந்து சொல்லும்போது இப்போதெல்லாம் ஆறாவது கட்டத்தையும் சொல்கிறார். முன்பு அதைச் சொன்னதில்லை, அங்கேதான் எதுவும் இல்லையே. "கீழ் வலது, காலி" என்கிறார். நானும் எழுதிக்கொள்கிறேன்.

ஜூன் 21, வெள்ளிக்கிழமை. லிண்டன் மரங்கள் பூத்து முடியும் சமயம். மித்கோ படியிலிருந்து இறங்காமல், ஜன்னல் வழியே ஒரு பழுப்பு உறையை நீட்டினான். "இந்தாங்கக்கா. கனமே இல்ல. காதல் கடிதமா?"

மின்கா உறையை வாங்கிக்கொண்டார். நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்து, உறையைக் கிழிக்காமல், ஒட்டிய இடத்தை நகத்தால் பிரித்தார். கடிதம் இல்லை. உறையைத் தலைகீழாகக் கவிழ்த்து, உள்ளே ஊதிப் பார்த்தார். ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. இருந்தது ஓட்ஸ் க்ரீம் ட்யூப்தான். வால் பக்கம் குறுக்கே வெட்டி, ஓரமாக நீளவாக்கில் வெட்டி, புத்தகம் போல விரித்து வைத்தது. சிவப்பு நூலும் கூடவே சுருட்டி வைத்திருந்தது.

ஏப்ரல் 5 முதல் ஜூன் 21 வரை எழுபத்தேழு நாட்கள். அறுபத்தாறும் பதினொன்றும். நான் அதைச் சொன்னேன். மின்காவின் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. பஸ் கிளம்பிப் போன பிறகும் அந்த ட்யூபை மடியில் விரித்து வைத்துக்கொண்டிருந்தார். ஆள்காட்டி விரலை உள்ளே விட்டு, மூடிப் பக்கத்து வளைவு வரைக்கும், நான்கு மூலைகளிலும் தடவினார். விரல் காய்ந்தபடியே வெளியே வந்தது. அந்த விரலைக் கன்னத்தில் வைத்து மெதுவாகத் தேய்த்துக்கொண்டார், முதலில் இடது, பிறகு வலது.